துவதாஷாவின் மூன்று எண்கள்

என்டோலா
14 ஜனவரி 1996

அன்புத் தம்பி டொனாட்டஸுக்கு,

அக்கா எக்ஸில்டா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். என் முட்டிவலி மழையோடு வந்தது, மழையோடு போய்விடும். மகள் கங்வாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நீ வருவாய் என்று ஒரு சேவலைப் பத்திரமாக வைத்திருந்தேன். வழக்கம்போல நீ வரவில்லை, அது புத்தாண்டுக்குக் குழம்பாகிவிட்டது. இப்படி எத்தனை சேவல் போயிற்று என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

நம் லாரி விற்பனை நிலையம் மறுபடி கைமாறிவிட்டது. அரசாங்கம் விற்றது, ஜோகன்னஸ்பர்க்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். புது மேனேஜர் ஹாட்டிங் என்று ஒருவர். நல்ல மனிதர்தான், காபியை மட்டும் வாளிக் கணக்கில் குடிக்கிறார். ஜூலையில் புதுப் பெயரோடு திறப்பு விழா. அதற்கு நிலையத்தின் சரித்திரம் நாலு பக்கம் வேண்டுமாம். "மிஸஸ் சிசங்கா, இங்க உங்களவிடப் பழசு அந்தக் கிரேன் ஒண்ணுதான். அது எழுதாது, நீங்க எழுதுங்க" என்றார். கிரேனை எனக்குப் பிறகுதான் வாங்கினார்கள் என்று நான் திருத்தவில்லை.

சரித்திரத்தோடு ஒரு பட்டியலும் கேட்கிறார். நாம் விற்றதில் இன்னும் ஓடுகிற லாரிகள் எவை, அவற்றின் எண்கள் என்ன என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏறாத வண்டிக்கு மே முப்பத்தொன்றுக்குப் பிறகு என் உதிரிபாகக் கவுண்டரில் ஒரு வாஷர்கூடக் கிடையாது. நூற்றுப் பதினான்கு வண்டிகள் ஏறிவிட்டன. ஒன்றே ஒன்று வெளியே நிற்கிறது. துவதாஷாதான்.

1983இல் பட்டறையில் நீங்கள் மூன்று உடைந்த லாரிகளை ஒன்றாக்கி, 'நன்றி சொல்கிறோம்' என்று பொருள்பட அந்தப் பெயரையும் வைத்தீர்களே, அதேதான். வண்டியின் அடிச்சட்டமான சேஸில் நீ அடித்த எண் 241083, அதாவது அந்த வருடச் சுதந்திர தினமான அக்டோபர் 24. தயாரிப்பாளர்களைக் கேட்டால் அப்படி ஒரு வண்டியை நாங்கள் செய்யவே இல்லை என்கிறார்கள். பழைய மூன்று வண்டிகளின் எண்களும் கிடைத்தால் ஏற்றிவிடலாம் என்று ஹாட்டிங் சொல்கிறார். அப்போது பட்டறை மேஸ்திரி நீதானே. எஞ்சின், கேபின், சேஸ் மூன்றும் எந்தெந்த வண்டியிலிருந்து வந்தன என்று எழுது.

வடக்கே போகும் சிமெண்ட் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். திரும்பி வருகிற வண்டியில் சமைக்கக் காய்ந்த மரப்புழு ஒரு பை அனுப்பு. இங்கே சந்தையில் கிடைப்பது பாதி மண்.

உன் அக்கா,
எக்ஸில்டா


ம்பிக்கா
20 பிப்ரவரி 1996

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நானும் மனைவியும் பிள்ளைகளும் சுகம். உங்கள் முட்டிக்கு இங்குள்ள மலைத் தேனைத் தடவிப் பாருங்கள். புழு இரண்டு பை அனுப்பியிருக்கிறேன், ஒன்று கங்வாவுக்கு.

ரயில் பட்டறையில் வேலை அதிகம், அதனால்தான் பதில் தாமதம்.

சரித்திரத்தைச் சரியான இடத்தில் தொடங்குங்கள். நம் முதல் முதலாளி, கிரேக்கர் தியோடோரிடிஸ், அங்கே லாரி விற்க வரவில்லை. 1954இல் பெய்ரா துறைமுகத்திலிருந்து சிமெண்ட் ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு லாரியில் வந்தார். என்டோலாவில் ஆக்சில் உடைந்தது. ஊர் திரும்ப வழியில்லாமல் உடைந்த லாரியை அப்படியே ஒரு மர வியாபாரிக்கு விற்றார். வாங்கியவருக்கு ஆக்சில் வேண்டும், அதையும் இவரே வரவழைத்துக் கொடுத்தார். வியாபாரம் அப்படித்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமைதோறும் எங்களைக் கூப்பிட்டு இதைச் சொல்லிச் சிரிப்பார். "நான் ஒண்ணும் கடை போடலடா, மாட்டிக்கிட்டேன்!"

வண்டிக்கொரு அட்டை வைத்ததும் அவர்தான். அதில் முதலாளி பெயரை எழுத விடமாட்டார், டிரைவர் பெயர்தான். லாரி வாங்குகிறவன் ஒருமுறை வருவான், ஓட்டுகிறவன் மாதாமாதம் வருவான் என்பது அவர் கணக்கு. இதையும் எழுதுங்கள்.

துவதாஷாவுக்கு எஞ்சின் மதுபான ஆலையின் வண்டியிலிருந்து வந்தது, எண் E 22905. கேபின் மரம் ஏற்றும் வண்டியுடையது, C 1187. சேஸ் எதுவென்று நினைவில்லை.

தம்பி,
டொனாட்டஸ்


என்டோலா
10 மார்ச் 1996

அன்புத் தம்பிக்கு,

கங்வாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் நலம். தாத்தாவின் பெயரையே வைக்கிறோம், சிசங்கா. குழந்தை கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சர்ச்சுக்கு அதிகமாகப் போகிறார்கள்.

புழு பிரமாதம். தக்காளியும் வேர்க்கடலையும் போட்டுச் சமைத்தேன். ஹாட்டிங் ஒரு கரண்டி தைரியமாக வாயில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இரண்டு எண்கள் வந்தன, நன்றி. எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய எஞ்சின் எண் ஐந்து இலக்கமும் உனக்குத் தலைகீழாக ஞாபகம் இருக்கிறது. ஆள் நீளத்துக்கு மூன்று மடங்கு இருக்கிற சேஸ் மட்டும் மறந்துவிட்டதா?

சரித்திரத்தில் பாலிஸ்டர் துரை காலத்துக்கு வந்திருக்கிறேன். கிரேக்கரிடம் பாதியை வாங்கி முற்றம் முழுக்க வெள்ளைக் கோடு போட்டாரே, அவர்தான். நம் பட்டறை வழக்கத்தையும் எழுதினேன். டிரைவர் இறந்த வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது. பட்டறைக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு விதவை வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். அவள் வந்து ஸ்டியரிங்கில் கை வைத்து 'போகட்டும்' என்று சொன்ன பிறகுதான் ஒரு போல்ட்டைக் கழற்றலாம். "இதென்ன பைத்தியக்காரத்தனம்!" என்று பாலிஸ்டர் நிறுத்தப் பார்த்தார். பட்டறை முழுக்க ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டது. எட்டாம் நாள் அவரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு மசாலா குடியிருப்பில் ஒரு விதவை வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். நான்தான் கூடப் போய் மொழிபெயர்த்தேன். அந்தம்மா அவரை ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார வைத்தாள்.

ஹாட்டிங் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன், அவர் சிரிக்கவில்லை. "இது இருக்கட்டும்" என்றார்.

நேற்று ம்விலா கிரீஸ் போட வந்தார். கூட்டுறவு சங்கத்திடமிருந்து துவதாஷாவை வாங்கி ஏழு வருடமாக அவரே ஓட்டுகிறார். தண்ணீர் கேனைக் கேபினுக்குப் பின்னால் சேஸில் மாட்டிக்கொண்டு, மணியடித்த மாதிரி ஆட்டிக்கொண்டே வருவார்.

"கங்வா அம்மா, என் வண்டி பொறக்கவே இல்லன்னு சொல்றாங்களாமே?"

"ஆமா, அனாதை."

"அனாதைதான் இருபது டன் சோளம் இழுக்குது. பொறந்ததெல்லாம் செரென்ஜே மேட்டுல மூச்சு வாங்கிட்டு நிக்குது. எழுதிக் குடுங்க அவங்களுக்கு!"

எழுதிக் கொடுக்க எனக்கு ஆசைதான். சேஸ் விவரம் அனுப்பு.

அக்கா,
எக்ஸில்டா


என்டோலா
21 ஏப்ரல் 1996

அன்புத் தம்பிக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. சிமெண்ட் லாரிக்காரர்கள் உன்னை ரயில் நிலையத்தில் பார்த்ததாகச் சொல்கிறார்கள், ஆகவே உயிரோடுதான் இருக்கிறாய்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் ஜூன் முப்பது, ஞாயிற்றுக்கிழமை. தாய்மாமன் வந்து கையில் தூக்க வேண்டும் என்று கங்வா சொல்கிறாள். குழந்தையின் தாய்மாமன் இல்லை, தன் தாய்மாமன்! நீ வரமாட்டாய் என்று அவளிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

ம்விலா மூன்று முறை வந்து கேட்டுவிட்டார். கடைசித் தடவை பிரேக் டிரம் வாங்க வந்தபோது, இருக்கட்டும் என்று கூடுதலாக ஒரு ஜோடி வாங்கிப் போனார். பயந்துவிட்டார். பாகங்கள் கிடைக்காவிட்டால் வண்டியை வெட்டி இரும்புக்குத்தான் போட வேண்டும்.

அக்கா


ம்பிக்கா
6 மே 1996

அக்காவுக்கு,

மலேரியா வந்து படுத்திருந்தேன். இப்போது பரவாயில்லை. எல்லோரும் நலம்.

சேஸ் என்றால் சேஸ்தான் அக்கா. இரண்டு நீள இரும்பு, நடுவில் குறுக்கே ஐந்து. சுரங்கத்துக் கழிவிலிருந்து வந்தது என்று எழுதிவிடுங்கள். சுரங்கத்தில் போய் யார் தேடப் போகிறார்கள்? எண் ஏதாவது ஒன்றைப் போடுங்கள்.

ஜூன் கடைசியில் இங்கே விடுப்பு கிடைக்காது. கங்வாவிடம் சொல்லுங்கள்.

டொனாட்டஸ்


என்டோலா
14 மே 1996

தம்பிக்கு,

உடம்பு தேறியதில் சந்தோஷம். கொய்னா மாத்திரை சாப்பிட்டால் கூடவே நிறையத் தண்ணீர் குடி, உனக்குக் காது அடைக்கும்.

ஏதாவது ஒரு எண்ணைப் போட மாட்டேன். முப்பத்து மூன்று வருடமாக இந்தக் கவுண்டரில் நிற்கிறேன். கிரேக்கருக்காகவும் போட்டதில்லை, துரைக்காகவும் இல்லை, அரசாங்கத்துக்காகவும் இல்லை. உனக்காகவா போடுவேன்?

நேற்று அரசாங்கக் காலத்தை எழுதினேன். அதை எழுதும்போதுதான் எவ்வளவு சிரமப்பட்டோம் என்று தெரிகிறது. அலமாரி முழுக்கக் காலி, நான் தினமும் தூசி தட்டி வைப்பேன். பல்பு கேட்டு வருகிறவரிடம் "நாளைக்கு வாங்க" என்பேன், அந்த நாளை இரண்டு வருடம் கழித்து வந்தது. அப்போதுதான் நீங்கள் குப்பையிலிருந்து ஒரு லாரியையே எழுப்பினீர்கள். ஊர்வலத்தில் அது போனபோது நான் சாலையோரம் நின்று கை தட்டினேன், உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த நாலு பக்கத்தில் நான் பெருமையாக எழுதக்கூடிய இடம் அதுதான்.

மூன்று மாதத்தில் நீ வேலையை விட்டாய். சக்கரம் வைத்த எதிலும் இனி வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லி ரயிலுக்குப் போனாய். ரயிலுக்கும் சக்கரம் உண்டு என்று நான் அப்போது சொன்னேன், நீ சிரிக்கவில்லை. ஏன் போனாய் என்று நான் கேட்கவும் இல்லை.

சேஸ் விவரத்தை இனி நான் கேட்க மாட்டேன். இருப்பது பதினேழு நாள்.

எக்ஸில்டா


ம்பிக்கா
24 மே 1996

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்க எனக்கு இன்று மனம் வரவில்லை, மன்னியுங்கள். தபால் தாமதமாகும் என்று இதைச் சர்க்கரை லாரி டிரைவர் கையில் கொடுக்கிறேன்.

சேஸ் எண் K 40716. அது அத்தானுடைய வண்டி.

1982 டிசம்பரில் அத்தான் இறந்த செரென்ஜே மேட்டிலிருந்து அதை இழுத்து வந்தது நான்தான். கேபின் நசுங்கிப் போயிருந்தது. அதைக் கழுவியதும் நான்தான், வேறு யாரையும் விடவில்லை. சேஸில் மட்டும் ஒரு கீறல் இல்லை. முற்றத்தின் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்தோம். அதை யாரும் தொடவில்லை.

அடுத்த செப்டம்பரில் அரசாங்க மேனேஜர் சிபேசா வந்து, "சுதந்திர தின ஊர்வலத்துல நம்ம கையால செஞ்ச வண்டி போகணும். எது எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரிய வேணாம்" என்றார். எஞ்சின் இருந்தது, கேபின் இருந்தது. சேஸ் என்று பார்த்தால் முற்றத்தில் கிடந்ததெல்லாம் வளைந்தது, அது ஒன்றைத் தவிர. பட்டறையில் எல்லோரும், "உன் அக்காதானே, போய்க் கேளு" என்றார்கள்.

ஒரு மதியம் சிஃபுபுவில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் கங்வாவின் பள்ளிச் சீருடையைத் துவைத்துக்கொண்டிருந்தீர்கள். அத்தான் போனதற்குப் பிறகு அன்றுதான் நீங்கள் சிரித்து நான் பார்த்தேன். "உக்காருடா, சாப்பிடு" என்று ந்ஷிமாக் களியும் கபென்டா மீனும் வைத்தீர்கள். நான் வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்பு போய்விடும். சாப்பிட்டேன். கை கழுவினேன். திரும்பிப் போய்ப் பட்டறையில் "அக்கா சரின்னுட்டா" என்று பொய் சொன்னேன். அவர்கள் உங்களை நேரில் அழைத்து வரவில்லையே என்றுகூடக் கேட்கவில்லை. என்னை நம்பினார்கள்.

உங்களிடம் அந்த வண்டி உருக்காலைக்குப் போய்விட்டது என்று சொன்னேன். அதுவும் பொய்.

ஊர்வலத்தன்று நீங்கள் அதைப் பார்த்துக் கை தட்டினீர்கள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அதற்குமேல் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியவில்லை அக்கா. அதுதான் காரணம். சேவல்களுக்கும் அதுதான் காரணம்.

மேனேஜரிடம் எண்ணைக் கொடுத்து விடுங்கள். ம்விலா பாவம். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

டொனாட்டஸ்


என்டோலா
2 ஜூன் 1996

அன்புத் தம்பி டொனாட்டஸுக்கு,

நான் நலம். முட்டிவலி போய்விட்டது. குழந்தை இப்போது எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறது. துவதாஷா கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, நூற்றுப் பதினைந்தாவது வண்டி. ம்விலா ஒரு மூட்டை சர்க்கரைவள்ளிக் கிழங்கை என் கவுண்டர் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் அது உன் கடிதத்தால் ஏறவில்லை. படிவத்தை ஜனவரியிலேயே நிரப்பி என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். எஞ்சினும் கேபினும் பழைய அட்டைகளில் இருந்தன. மூன்றாவது அட்டை என் வீட்டில், ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. டிரைவர் பெயர் சிசங்கா, எண் K 40716. நீ எழுதாமலே இருந்திருந்தாலும் முப்பதாம் தேதி நான் கொடுத்திருப்பேன். ம்விலாவைக் கவலைப்பட வைத்தது மட்டும் தப்பு, அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். ம்விலா தண்ணீர் கேன் மாட்டுகிறாரே, அது சேஸில் இருக்கிற இரண்டு துளைகளில். எந்த லாரிக்கும் அந்த இடத்தில் துளை கிடையாது. உன் அத்தான் தன் தண்ணீர் கேனை மாட்ட நம் கொல்லையில் வைத்துக் கைத் துரப்பணத்தால் போட்டவை அவை. துரப்பணம் வழுக்காமல் பிடித்துக்கொண்டது நான். 1984 ஜனவரியில் கூட்டுறவு சங்க டிரைவர் ஒருவன் என் கவுண்டருக்கு வந்து, "அக்கா, சேஸ்ல சும்மா ரெண்டு ஓட்டை இருக்கு, அதுக்கு என்ன போல்ட்?" என்றான். நான் வெளியே போய்ப் பார்த்தேன். நீ ரயிலுக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

எனக்கு அன்று வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் ஸ்பானரால் அடித்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த மதியம் நீ வீட்டுக்கு வந்தபோது தொப்பி உன் தலையில் இல்லை, கையில் இருந்தது. விதவை வீட்டுக்குப் பட்டறைக்காரன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எதற்கு வருவான் என்று எனக்குத் தெரியாதா? பாலிஸ்டருக்கே மொழிபெயர்த்தவள் நான். நீ கேட்கட்டும் என்றுதான் சிரித்தேன். உனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான். இரண்டாவது தடவையும் ந்ஷிமா வைத்தேன், அப்போதாவது கேட்பாய் என்று. நீ கை கழுவிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

அந்த ஜனவரியில் கோபம் தணிய எனக்கு நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் துவதாஷா உரம் ஏற்ற வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம், முற்றத்தில் யாரும் இல்லை. நான் கேபினில் ஏறி ஸ்டியரிங்கில் கை வைத்து, 'போகட்டும்' என்று சொன்னேன். அதன் பிறகுதான் கொஞ்சம் அழுதேன். அழுதுவிட்டுக் கவுண்டருக்கு வந்து யாருக்கோ ஃபேன் பெல்ட் எடுத்துக் கொடுத்தேன்.

ஆக, லாரிக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே அனுமதி கொடுத்துவிட்டேன். உனக்குத்தான் இன்னும் கொடுக்கவில்லை. நீ கேட்கவில்லையே. இப்போதும் எண்ணை எழுதியிருக்கிறாய், நடந்ததை எழுதியிருக்கிறாய், ஆனால் கேட்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கு வைத்திருக்கிற சேவல் நல்ல கொழுத்த சேவல்.

உன் அக்கா,
எக்ஸில்டா


ம்பிக்கா
27 ஜூன் 1996

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். இந்தக் கடிதமும் நானும் ஒன்றாகவே வருவோம் போலிருக்கிறது, இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் கேட்கச் சொன்னதைக் கடிதத்தில் கேட்கக் கூடாது. வாசலில் வந்து உட்கார்ந்துதான் கேட்க வேண்டும், முறை அதுதான். ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார வைத்தாலும் உட்கார்வேன். விடுப்பு கிடைத்தது. நான் இதுவரை கேட்டதே இல்லை என்று மேலதிகாரி வியந்துபோனார்.

ம்விலா இன்று காலை பீன்ஸ் ஏற்ற இங்கே வந்தார். அவர் வண்டியிலேயே வருகிறேன். "ரயில்காரரே, லாரியில ஏறத் தெரியுமா? வலது கால மொதல்ல வைக்கணும்!" என்று முற்றம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். நான் பின்னால் போய் அந்த இரண்டு துளைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். வண்டியைப் பொருத்தியபோது நான் பார்த்தவைதான், எதற்கு என்று மட்டும் அப்போது தெரியாது.

தண்ணீர் கேன் காலியாக இருந்தது. குழாயடிக்குக் கொண்டுபோய் நிரப்பி மறுபடி மாட்டினேன். தொப்பி என் கையில் இருக்கிறது.

உங்கள் தம்பி,
டொனாட்டஸ்